கல்புக்குக் காவல் எங்கே?

இஷாத் தொழுகை முடிந்து, சாப்பாட்டுப் பாத்திரங்களும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். தெருக்கதவைத் தாழிட்டு, கொல்லைக் கதவையும் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுப் படுக்கைக்குப் போகிறோம். இரவில் அல்லாஹ்வின் திருநாமத்தைக் கூறிக் கதவை அடைக்கும்படியும், அவ்வாறு அடைத்த கதவை ஷைத்தான் திறப்பதில்லை என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். எனவே மனத்தில் ஒரு நிம்மதி. ஆனால் தலைமாட்டிலே கைப்பேசி கிடக்கிறதே! அதன் வழியாக அந்த ஓரிரவில் நம் வீட்டுக்குள், ஏன், நம் போர்வைக்குள்ளேயே எத்தனை பேர் வந்து எதையெதையெல்லாம் கொட்டிவிட்டுப் போகிறார்கள் என்பதை என்றாவது எண்ணிப் பார்த்தோமா?

முன்பெல்லாம் கோள் சொல்ல வருகிறவர் நம் வீட்டுப் படியேறித்தான் வரவேண்டும். வந்தவர் யார், அவருக்கும் சொல்லப்படுகிறவருக்கும் என்ன பகை என்பது நமக்குத் தெரியும். வேண்டாமென்றால் பேச்சை மாற்றலாம். அடுப்பில் சோறு குழைகிறதென்று சொல்லி எழுந்துவிடலாம். இப்போது அந்தச் சிரமம் எதுவும் கோள் சொல்பவருக்கு இல்லை.

சென்ற மாதம் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எமக்கு மடல் எழுதியிருந்தார்கள். கணவர் சபுரில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். இவர்களுடைய குடும்பத்துப் பெண்கள் அறுபது பேர் வரை சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டாம். பெருநாள் வாழ்த்தும், ஜனாஸா அறிவிப்பும், பிள்ளை பிறந்த செய்தியும் அதில்தான் வரும். ஒருநாள் சாச்சி முறையுள்ள ஒருவர், இவர் கணவர் அனுப்பும் பணத்தை விரயம் செய்வதாகவும், அடிக்கடி வெளியே போய்வருவதாகவும் ஜாடையாகப் பேசிக் குரலைப் பதிவு செய்து அக்குழுவிலே போட்டுவிட்டார். பெயர் சொல்லவில்லை. ஆனால் அறுபது பேருக்கும் யார் என்று தெரியும். சிலர் சிரிக்கும் பொம்மைப் படம் போட்டார்கள். ஒருவர் ஒரு துஆவை எழுதிப் போட்டுவிட்டு ஒதுங்கிக் கொண்டார். மற்றவர்கள் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்கள்.

மூன்று மாதங்களாக எந்தக் கல்யாண வீட்டுக்கும் போகவில்லை என்கிறார் அச்சகோதரி. தக்பீர் கட்டி நின்றால் அந்தக் குரல்தான் காதில் கேட்கிறது. இரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் எழுந்து, யாராவது புதிதாக ஏதேனும் சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்கிறார். பார்த்தால் வேதனை, பாராவிட்டால் அதைவிட வேதனை. இறுதியில் எம்மிடம் இரண்டு விஷயங்கள் கேட்டிருந்தார்கள். “இப்படிக் கலங்குவது என் ஈமானில் உள்ள பலவீனமா?” என்பது ஒன்று. “அக்குழுவிலிருந்து விலகிக் கொண்டால் உறவை முறித்த பாவம் என்னைச் சேருமா?” என்பது மற்றொன்று.

சகோதரியே! முதல் கேள்விக்கு இறைமறையே பதில் கூறுகிறது. மக்கத்துக் குறைஷிகள் நம் நாயகம் (ஸல்) அவர்களைப் பைத்தியக்காரர் என்றும், கவிஞர் என்றும், சூனியக்காரர் என்றும் தெருத் தெருவாகத் தூற்றித் திரிந்தபோது, அவர்கள் பேசும் பேச்சால் நபியே உம்முடைய நெஞ்சு நெருக்கடிக்குள்ளாவதை நாம் திட்டமாக அறிவோம் என்ற கருத்தில் ஸூரத்துல் ஹிஜ்ரின் 97-ஆம் வசனம் இறங்கிற்று. இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஏன் கலங்குகிறீர் என்று அல்லாஹ் கேட்கவில்லை. உமது உள்ளம் இவ்வளவு மெலிந்ததா என்று கடிந்துகொள்ளவுமில்லை. நாம் அறிவோம் என்கிறான். படைப்புகளிலேயே திடமான அந்தத் திருநெஞ்சுக்கே மனிதர் பேச்சால் நெருக்கம் ஏற்பட்டது என்றால், நம் போன்றோர் நெஞ்சு நோவதில் வியப்பென்ன? “வாட்ஸ்அப்பில் வந்ததற்கெல்லாம் அழுவார்களா? தொழுது துஆ கேட்டால் சரியாகிவிடும்” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் இவ்வசனத்தை ஒருமுறை ஓதிப் பார்க்கட்டும். தொழுகை வேண்டியதுதான், அடுத்த வசனம் தஸ்பீஹையும் ஸுஜூதையும்தான் மருந்தாகக் காட்டுகிறது. ஆனால் நோவை ஒப்புக்கொண்ட பிறகல்லவா மருந்து சொல்லப்படுகிறது!

நம் அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் வரலாறும் இவ்விடத்தில் நினைவுக்கு வரவேண்டும். பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்புகையில் — அது ஹிஜ்ரி 5 என்றும் 6 என்றும் வரலாற்றாசிரியர்கள் இருவிதமாகக் கூறுவர் — தொலைந்த கழுத்து மாலையைத் தேடப் போய்ப் படையை விட்டுப் பின்தங்கிவிட்டார்கள். பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் தம் ஒட்டகத்தில் அவர்களை ஏற்றி, தாம் கயிற்றைப் பிடித்து நடந்து கொண்டுவந்து சேர்த்தார்கள். நடந்தது அவ்வளவே. நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை அதை ஊதிப் பெருக்கினான். மதீனா நகரமெங்கும் பேச்சு.

புகாரி ஷரீபில் அன்னையே இதை நீண்ட ஹதீஸாக அறிவித்திருக்கிறார்கள். ஊர் வந்ததும் ஒரு மாதகாலம் நோயுற்றுக் கிடந்தார்கள். வெளியே நடக்கும் பேச்சு எதுவும் அவர்களுக்குத் தெரியாது. தாம் நோயுறும்போது நாயகம் (ஸல்) அவர்கள் வழக்கமாகக் காட்டும் பரிவு மட்டும் இம்முறை குறைந்திருப்பதுபோல் பட்டதாம். ஓரிரவு உம்மு மிஸ்தஹ் அவர்களுடன் வெளியே போய்வரும்போது, அப்பெண்மணி தம் போர்வையில் கால் தடுக்கி, ‘மிஸ்தஹ் நாசமாகட்டும்’ என்ற பொருளில் பெற்ற மகனையே சபித்தார். ஆயிஷா நாயகி உடனே தடுத்தார்கள்; பத்ரில் கலந்துகொண்ட ஒருவரையா ஏசுகிறீர்கள் என்று கேட்டார்கள். தம்மைப் பற்றிய அவதூறைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர் என்பது அந்த நொடிவரை அன்னைக்குத் தெரியாது. தம்மைப் புறம் பேசிக்கொண்டிருந்த மனிதரின் மானத்தை, அறியாமலேயே அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்!

விஷயம் தெரிந்ததும் நோய் இன்னும் கூடிற்று. அனுமதி பெற்றுத் தாய்வீடு போனார்கள். இரண்டு இரவும் ஒரு பகலும் கண்ணீர் நிற்கவில்லை, உறக்கம் இல்லை. அழுது அழுது ஈரலே பிளந்துவிடுமோ என்று பெற்றோர் அஞ்சினார்கள். பிறகு நாயகம் (ஸல்) அவர்களுக்கு மறுமொழி கூறும்போது, யஃகூப் நபி (அலை) அவர்களின் அழகிய பொறுமையை எடுத்துச் சொல்ல நினைத்த அன்னைக்கு, யஃகூப் என்ற பெயரே அந்நேரத்தில் நினைவுக்கு வராமல் யூசுஃபின் தந்தை என்று சொன்னதாக ஓர் அறிவிப்பில் வருகிறது. அறிவிலும் நினைவாற்றலிலும் ஸஹாபாக்களுக்கே பாடம் சொன்ன அன்னை அவர்கள்! கல்பு கலங்கினால் நினைவு தடுமாறும், உறக்கம் போகும், உடல் நோயுறும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆகவே சகோதரியே, உங்களுடைய கண்ணீரை ஈமானின் குறையாக எண்ணி இரட்டை வேதனைப்பட வேண்டாம்.

அன்னையின் தூய்மையை அறிவித்து ஸூரத்துந் நூரின் 11-ஆம் வசனம் தொட்டு இறங்கியபோது, அவதூறைக் கிளப்பியவனை மட்டும் அல்லாஹ் கண்டிக்கவில்லை. கேட்டுக் கைமாற்றிய முஃமின்களையும் கண்டித்தான். அதிலே 15-ஆம் வசனத்தில் ஒரு நுட்பம் உண்டு. அந்தச் செய்தியை நீங்கள் உங்கள் நாவுகளால் வாங்கிக்கொண்டீர்கள் என்ற பொருளில் அது அமைந்திருக்கிறது. செய்தியைக் காதால் அல்லவா வாங்குவார்கள்? காதில் விழுந்ததும் நெஞ்சுக்குள் போய் உண்மையா பொய்யா என்று நிறுத்துப் பார்க்கப்படாமல் நேரே நாவுக்குத் தாவிவிட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாக எவராலும் சொல்லிவிட முடியாது. இன்று நாம் நாவைக்கூட அசைப்பதில்லை. கட்டை விரலால் வாங்கிக் கட்டை விரலாலேயே அனுப்பிவிடுகிறோம். அவ்வசனமே தொடர்ந்து, நீங்கள் இதை அற்பமாக எண்ணுகிறீர்கள், அல்லாஹ்விடத்திலோ இது மிகப் பெரிது என்ற கருத்தைத் தருகிறது.

எவ்வளவு பெரிதென்று உலகமே கண்டது. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுகிறார்கள் என்ற பொய்ச் செய்தி கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்த வேளையில், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அந்தக் குற்றத்துக்காகக் கூட்டம் கூடி அடித்ததில் அவர் உயிரே போயிற்று. வடநாட்டிலும் பல இடங்களில் இப்படியே நடக்க, அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் இந்தியாவில் அனுப்ப இயலாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதுமானது என்ற கருத்துள்ள ஹதீஸ் முஸ்லிம் ஷரீபின் முன்னுரையிலேயே இருக்கிறது. அந்த ஹதீஸின்படி நடந்திருந்தால் ஐந்து என்ற கணக்கே தேவைப்பட்டிராது.

அந்த அவதூறு நாட்களில் தம் கல்பைக் காத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் ஆயிஷாவைப் பற்றி விசாரித்தார்கள். நபியவர்களின் துணைவியரில் அந்தஸ்தில் ஆயிஷா நாயகிக்கு ஈடாக நின்றவர்கள் ஜைனப் நாயகிதான். அவர்களுடைய உடன்பிறந்த சகோதரி ஹம்னாவே அவதூறைப் பேசிக்கொண்டு திரிந்தார். ஒரு சொல் சொன்னால் போதும் என்ற சந்தர்ப்பம். ஜைனப் நாயகியோ, தம் செவியையும் தம் பார்வையையும் தாம் காத்துக்கொள்வதாகவும், நன்மையைத் தவிர வேறெதையும் தாம் அறியவில்லை என்றும் கூறிவிட்டார்கள். முதலில் காத்தது நாவை அல்ல. செவியையும் பார்வையையும் என்பதைக் கவனிக்க வேண்டும். செவி, பார்வை, இதயம் ஆகிய அனைத்தைப் பற்றியும் கேள்வி கேட்கப்படும் என்று ஸூரத்து பனீ இஸ்ராயீலின் 36-ஆம் வசனம் எச்சரிக்கிறது. நாம் என்ன எழுதினோம் என்பதோடு விசாரணை முடிந்துவிடாது. நடுநிசியில் எவருடைய வீட்டுச் சண்டையைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதும் அதில் வரும்.

இன்னொரு ஹதீஸையும் இங்கே சொல்லியாக வேண்டும். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக வருகிறது. தம் தோழர்களில் எவரும் இன்னொருவரைப் பற்றி எதையும் தம்மிடம் கொண்டுவந்து சொல்லவேண்டாம், ஏனெனில் தூய்மையான நெஞ்சோடு உங்களிடம் வரவே தாம் விரும்புவதாக நாயகம் (ஸல்) அவர்கள் தெரிவித்தார்கள் என்பது அதன் கருத்து. அவர்களோ நபி, ஆட்சித் தலைவர், ஊரில் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு உண்டு. அப்படிப்பட்டவர்களே கண்ட பேச்சும் தம் நெஞ்சுக்குள் வரலாகாது என்று வாசலில் நிறுத்தினார்கள். எந்தப் பொறுப்பும் இல்லாத நாமோ, முந்நூறு பேருடைய பேச்சைப் பஜ்ருக்கு முன்பே நெஞ்சுக்குள் இறக்கிக்கொண்டு, பிறகு தக்பீர் கட்டுகிறோம். அப்புறம் தொழுகையில் லயிப்பு இல்லையே என்று ஆலிம்களிடம் வந்து முறையிடுகிறோம்!

இனி இரண்டாவது கேள்வி. குழுவிலிருந்து விலகினால் உறவை முறித்த பாவமா?

உறவைச் சேர்த்து நடப்பது என்பது போய்ப் பார்ப்பது, ஸலாம் சொல்வது, நோயில் விசாரிப்பது, இல்லாமையில் கொடுப்பது, ஜனாஸாவில் கலந்துகொள்வது. இவையனைத்தும் கைப்பேசி வருவதற்கு முன்பே உம்மத்தில் இருந்தவை. வாட்ஸ்அப் குழு என்பது உறவு அல்ல. அது ஒரு மஜ்லிஸ். மஜ்லிஸுக்கு என்ன சட்டமோ அதுதான் இதற்கும். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் ரியாளுஸ் ஸாலிஹீனில், புறம் பேசுவது ஹராம் என்று ஒரு பாடம் அமைத்ததோடு நில்லாமல், அதைக் கேட்டுக்கொண்டிருப்பது ஹராம் என்று தனியாக இன்னொரு பாடத்தையும் அமைத்திருக்கிறார்கள். கேட்பவர் அதை மறுக்க வேண்டும்; மறுக்க இயலாவிட்டால் அல்லது மறுத்தும் பயனில்லாவிட்டால், இயன்றவரை அந்த மஜ்லிஸை விட்டுப் பிரிந்துவிட வேண்டும் என்று அப்பாடத்தின் தலைப்பிலேயே குறித்திருக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்களுக்கே, அவர்கள் சொல்வதைப் பொறுத்துக்கொண்டு அழகிய முறையில் விலகிவிடுவீராக என்ற கட்டளை ஸூரத்துல் முஸ்ஸம்மிலின் 10-ஆம் வசனத்தில் வந்திருக்கிறது. அழகிய விலகல் என்றால், ஏசிவிட்டுப் போவதல்ல. உங்களையெல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று கடைசியாக ஒரு வரி எழுதிவிட்டுப் போவதுமல்ல. ஓசையின்றி விலகுவது. ஜனாஸா, நிக்காஹ் செய்திகளை மட்டும் தனியே தெரிவிக்கும்படி நம்பிக்கையான ஒரு மச்சியிடம் சொல்லி வைத்தால் போதும்.

நம் சமுதாயம் முழுவதையும் தூற்றி வரும் பேச்சுகளைப் பற்றியும் பலர் மனம் புழுங்கிக் கேட்கிறார்கள். நியாயமான புழுக்கம்தான். 2020 மார்ச் இறுதியில் டில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் தங்கியிருந்தவர்களிடம் கொரோனா தொற்று காணப்பட்டதும், முஸ்லிம்கள் வேண்டுமென்றே நோயைப் பரப்புகிறார்கள் என்று எத்தனை பொய்ப் படங்கள் உலவின! அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்துச் செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கக்கூடும் என்றும் கருத்துத் தெரிவித்தது. தீர்ப்பு வந்தது; ஆனால் நாம் நாள்தோறும் அந்த ஏச்சுகளைத் தேடித் தேடிப் படித்துப் பட்ட புண் ஆறியதா? வழக்குத் தொடுக்கவும், உண்மையை எடுத்துரைக்கவும் தகுதியுள்ளவர்கள் அதைச் செய்யட்டும், அது கடமை. வீட்டில் இருக்கும் நாம் ஒவ்வொரு வசைக்கும் கீழே நின்று மல்லுக்கு நிற்பதனால், வசை இன்னும் பத்துப் பேர் கண்ணில் படுவதுதான் மிச்சம். மக்கத்துக் குறைஷிகள் முஹம்மது என்ற புகழ்ப் பெயரை மாற்றி, முதம்மம் என்று இழிபெயர் சூட்டித் திட்டினார்கள். அவர்கள் ஏசுவது முதம்மமை, நானோ முஹம்மது. அவர்களுடைய ஏச்சை அல்லாஹ் என்னைவிட்டு எப்படித் திருப்பிவிட்டான் பார்த்தீர்களா என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் கூறியதாகப் புகாரியில் இருக்கிறது. அந்த ஏச்சை அவர்கள் தம்மீது ஏற்றுக்கொள்ளவே இல்லை.

பிறருடைய புது வீடு, புது நகை, உம்ராப் பயணம் ஆகியவற்றின் படங்களைப் பார்த்துப் புழுங்குவோருக்கு ஸூரத்து தாஹாவின் 131-ஆம் வசனம் இருக்கிறது, ஓதி விளங்கிக்கொள்ளவும். காட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: உம்ராவுக்குப் போனால் கஃபாவைப் பாருங்கள், கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

வீட்டு நடைமுறைக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் ஈடுபடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். அந்த ஸுன்னத்தை இன்று நிறைவேற்ற எளிய வழி, இஷாவுக்குப் பிறகு வீட்டிலுள்ள கைப்பேசிகள் அனைத்தையும் கூடத்தில் ஒரே இடத்தில் வைத்துவிடுவதுதான். தந்தையின் கைப்பேசியும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகங்களில் கழிக்கும் இளவயதினருக்கு மனச்சோர்வும் பதற்றமும் ஏற்படும் அபாயம் இருமடங்கு என்று 2023 மே மாதத்தில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. படுக்கும் முன் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இரு கைகளையும் சேர்த்து இஃக்லாஸ், ஃபலக், நாஸ் ஸூராக்களை ஓதி ஊதி, உடலில் தடவிக்கொள்வார்கள் என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். அதைச் செய்ய இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டுமல்லவா?

வாரக்கணக்கில் உறக்கம் இல்லாமலும், உணவு இறங்காமலும், வாழ்வதே வீண் என்ற எண்ணம் தலைதூக்கியும் இருப்பவர்கள் ஓதிப் பார்ப்பதோடு நில்லாமல் மருத்துவரிடம் போக வேண்டும். மருந்தை இறக்காமல் அல்லாஹ் எந்த நோயையும் இறக்கவில்லை என்பது நபிமொழியின் கருத்து, மனநோயும் நோய்தான். இந்தியாவில் 14416 என்ற எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் மனநல ஆலோசனையைத் தொலைபேசியிலேயே பெறலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மடல் எழுதிய சகோதரியே! அந்தச் சாச்சியை மன்னித்துத்தான் ஆகவேண்டுமா என்று கடைசியில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்ததையும் நாம் படித்துவிட்டோம். தம் மகளைப் பற்றி அவதூறு பேசிய மிஸ்தஹுக்குக் கொடுத்துவந்த உதவியை நிறுத்திவிடுவதாக அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் சத்தியமே செய்தார்கள். அப்படிப்பட்ட கோபம் அவர்களுக்கும் வந்தது. அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்களா என்ற கருத்தில் 22-ஆம் வசனம் இறங்கிய பிறகே மனம் திரும்பி, உதவியைத் தொடர்ந்தார்கள். ஆனால் அது, அன்னையின் தூய்மை ஊரறிய நிலைநாட்டப்பட்ட பின் நடந்தது. உங்களுக்கு இன்னும் எவரும் அதைச் செய்து தரவில்லை. ஆகவே மனம் இன்றே கனியவில்லையே என்று உங்களை நீங்கள் வருத்திக்கொள்ள வேண்டாம்.

செய்து தர வேண்டியவர்கள் அந்த அறுபது பேர். ஊர் எதுவென்று நாம் எழுதப் போவதில்லை. ஆயினும் அவர்களில் ஓரிருவராவது இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களாக இருப்பார்கள். தன் சகோதரரின் மானத்தைக் காத்தவரின் முகத்தை மறுமையில் அல்லாஹ் நரகத்தைவிட்டுத் திருப்புவான் என்று திர்மிதியில் வருவதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தாய்வீட்டில் அழுதுகொண்டிருந்தபோது, அன்ஸாரிப் பெண் ஒருவர் அனுமதி கேட்டு உள்ளே வந்தார். வந்து உட்கார்ந்து, அன்னையோடு சேர்ந்து தாமும் அழுதார். அவர் என்ன ஆறுதல் சொன்னார் என்று ஹதீஸில் இல்லை. அவர் பெயரும் அதில் இல்லை. ஆயினும் அவர் வந்ததைப் பின்னொரு காலத்திலும் மறவாமல் அன்னை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

எனவே அந்த அறுபது பேரில் இதை வாசிக்கும் சகோதரியே! அவருக்குக் கைப்பேசியில் எதையும் அனுப்பிவிடாதீர்கள். இந்த வாரத்திலேயே ஒருநாள் அஸருக்குப் பின் அவர் வீட்டுக்குப் போங்கள். அந்தப் பேச்சை நீங்களாக எடுக்க வேண்டியதில்லை. மஃரிப் பாங்கு சொல்லும்வரை அவரோடு இருந்து, அங்கேயே அவரோடு சேர்ந்து தொழுதுவிட்டு வாருங்கள்.